காற்று திரும்புவதற்குள்

ஒரு கல்குவாரிக்காகப் பொய்ச் சான்று கொடுத்த அதிகாரி நான். தென்காசிப் பக்கம் சாரல் காலத்தில் காற்று மேற்கிலிருந்து வீசும். தூசி முழுக்கக் கிழக்கே போகும். அது தெரிந்தே, அளக்கும் கருவியை மேற்கே வைத்து, காற்று சுத்தம் என்று எழுதினேன். குவாரி இன்னும் ஓடுகிறது.

ஓய்வு பெற்ற பிறகு இன்றுதான் அதன் கிழக்குப் பக்கம் வந்து நிற்கிறேன். காலையில் குற்றாலத்தில் நீலமாக இருந்த வானம் இங்கே மோர் நிறத்தில் இருக்கிறது. கல்தூசி எல்லா நிற ஒளியையும் ஒன்றுபோலச் சிதறடிப்பதால் நீலம் எடுபடுவதில்லை. வெயிலும் மங்கித்தான் இறங்குகிறது. கத்தரி இலைகள் வெளுத்துக் கிடக்கின்றன.

ஊரார் மனுவுக்காக இளம் அதிகாரி ஒருவர் பார்வையிட வந்திருக்கிறார். அவர் முன்னாலேயே தோட்டக்காரி செல்லத்தாயிடம் நான் செய்ததைச் சொல்கிறேன்.

"அன்னைக்கு மூக்க வீட்டுல வச்சிட்டா வந்தீய?" என்கிறாள். "மனு கொண்டு போனா உங்க சான்றக் காட்டித்தான் எங்கள விரட்டுதாவ. எம்மவ இளைப்புல கெடக்கா."

கருவியை இங்கே வைத்து மறுபடி அளக்கும்படி அதிகாரியைக் கேட்கிறேன்.

"அளக்கலாம் சார். ஐப்பசியில ஆள் அனுப்புறோம்."

ஐப்பசியில் காற்று திரும்பிவிடும். மழை தூசியை அடக்கிவிடும். இந்தத் தந்திரம் எனக்குப் பழக்கமானது. இந்த வாரமே அளப்பதாகச் சொல்லும்வரை நகர மாட்டேன் என்று அவருடைய ஜீப்புக்கு முன்னால் உட்காருகிறேன்.

அவர் போனை எடுத்து மேலதிகாரியைக் கூப்பிடுகிறார். செல்லத்தாய் ஒரு சாக்கைக் கொண்டுவந்து விரிக்கிறாள்.

"இதுல இருங்க அண்ணாச்சி. சாட்சி சொல்லி முடிக்குத வரைக்கும் நீங்க சாவப்பிடாது."