ஜீப்பின் முகத்தை மூடிய மாலைகள்

ஏலத்தில் ஒரு பழைய ஜீப் எடுத்தேன். உத்திரமேரூரில் எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் மோட்டார் வண்டி. கோயிலில் பூஜை போட்டு, முகப்பே தெரியாதபடி நான்கு சாமந்தி மாலைகளைக் கட்டிக்கொண்டு, காஞ்சிபுரத்திலிருக்கும் மாமனாரிடம் காட்ட மனைவியுடன் கிளம்பினேன். பாதி வழியில் முன்பக்கம் குபுகுபுவென்று புகைந்தது.

"வண்டி எரியுது, குதி!" என்று பிரேக்கை மிதித்தபடியே மனைவியிடம் கத்தினேன். அவளுக்கு முன்பே நான் குதித்துவிட்டேன்.

எதிரே வந்த லாரி டிரைவர் மாலைகளை அறுத்தெறிந்தார். "நெருப்பு இல்ல சார், ஆவி. ரேடியேட்டருக்குக் காத்தே போவாம பூவால மூடிக்கினு வந்தா இன்னா பண்ணும் அது? இன்னும் ஒரு மைல் போயிருந்தா இஞ்சின் காலி!"

ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றியதும் ஜீப் பிழைத்துக்கொண்டது.

இப்போதெல்லாம் கோயில் வாசலிலேயே மாலையைக் கழற்றிவிடுகிறேன். வருவது யார் வண்டி என்று ஊருக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக ஹாரனை மட்டும் கொஞ்சம் கூடுதலாக அடிக்கிறேன்.