பெட்டை சாப்பிடேல்லை

சிவநேசம் அக்காவின் குளிர்ப்பெட்டியில் ஐஸ்கிறீமுக்குப் பக்கத்தில் எலி இருக்கும். உறைந்த எலி, பொலித்தீன் பையில், வாலோடு முழுசாக. அதைக் கண்ட நாளிலிருந்து அந்த வீட்டில் தேத்தண்ணி தவிர வேறொன்றும் நான் வாயில் வைத்ததில்லை. நான் வேதக்காரி, பைபிளோடு வளர்ந்தவள், பாம்பு என்றாலே எனக்குச் சாத்தான்தான். ஆனால் பிரெஞ்சு பேசும் இந்தப் பனி ஊரில், நோத்ர-டாம்-த-கிரேஸில் எங்கள் கட்டடத்தில் எனக்கிருந்த ஒரே தமிழ்ச் சனம் மேல்மாடியில் இருந்த அந்த மனுசி. என்ன செய்வது, போய்த்தான் ஆகவேண்டும்.

பாம்பு மகனுடையது. நிரூபன் கல்லூரிக் காலத்தில் கொண்டுவந்து வளர்த்த போவா. மலைப்பாம்பு மாதிரி, எங்கள் பேச்சில் வெங்கிணாந்தி. ஆள் நீளம், என் கைத் தடிப்பு. பாண் சுடும் தொழிற்சாலையில் நின்று கால் வீங்கி வரும் அக்கா, அதைக் கண்டதும் வீடு அதிரக் கத்துவார். பிறகு 2005 கோடையில் அவன் செலீனைக் கூட்டிக்கொண்டு வந்தான், இவளைத்தான் கட்டப்போகிறேன் என்று.

"உவளிலும் பாக்க உந்தப் பாம்பு மேல். உவள் என்ரை வாசல் மிதிக்கக் கூடாது!" என்றார் அக்கா. செலீனுக்குத் தமிழ் விளங்காது. முகம் விளங்கியிருக்கும்.

அவன் அவளோடு லொங்குய்ய்க்குப் போய்விட்டான். அவளிடம் பூனை இருந்ததால் பாம்பு இங்கேயே நின்றுவிட்டது. இடையில் ஒரு ஆறுதான். மெற்றோ ஏறினால் கதை முடிந்தது. ஆனாலும் அவன் வரவில்லை.

பாம்பு பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக மட்டும் போன் எடுத்துச் சொல்லிக்கொடுத்தான். "தூக்க முதல் கம்பியாலை மெல்லத் தொடுங்கோ அம்மா, அப்பதான் சாப்பாடில்லை எண்டு அதுக்கு விளங்கும். மீன் வெட்டின கையோடை கிட்டப் போகாதையுங்கோ. கண் பால் மாதிரி மங்கினால் தோல் கழட்டப் போகுது, விட்டிடுங்கோ. திண்டால் ரெண்டு நாளைக்குத் தூக்கவே கூடாது. கக்கிப்போடும், செத்தும் போகும்."

அக்கா எல்லாவற்றையும் பழகினார். பெட்டை என்று அதற்குப் பெயரும் வைத்தார். வெள்ளி விரதம், மச்சமாமிசம் தொடமாட்டார். ஆகவே பெட்டைக்கு எலி சனிக்கிழமைதான். மற்ற நாட்களில் அதைக் கையில் சுற்றிக்கொண்டு சோபாவில் இருப்பார்.

"பாரும் இமெல்டா, விடமாட்டன் எண்டு பிடிச்சுக்கொண்டிருக்கிறாள்" என்றார் ஒருநாள். பிறகு குரல் இறங்கியது. "அது பாசமில்லையாம். விழுந்திடுவன் எண்ட பயத்திலைதான் இறுக்கிறதாம். நிரூபன் சொன்னவன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

முதல் பனிமாரியில் பெட்டை சாப்பாட்டை விட்டது. குளிருக்கு அப்படி விடுவது வழமைதானாம். ஆனாலும் நிரூபன் ஒவ்வொரு பின்னேரமும் போன் எடுத்தான். பாம்பைக் கேட்டுவிட்டு, நீங்கள் சாப்பிட்டீங்களோ என்றும் கேட்பான். அந்த மனுசியின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் முன்பு கண்டதில்லை. தை மாதம் பெட்டை எலியை விழுங்கியது. அக்கா சந்தோசமாகச் சொன்னார். போன் நின்றுபோனது.

அடுத்த எலியையும் அது விழுங்கியது. நான் பார்த்துக்கொண்டிருக்க அக்கா தானே போன் எடுத்தார். "பெட்டை சாப்பிடேல்லையடா அப்பன்."

"ஏனக்கா இந்தப் பொய்?" என்றேன், அவர் போனை வைத்ததும்.

"நல்லாயிருக்குது எண்டால் அவன் ஏன் என்னோடை கதைக்கப் போறான்?"

பங்குனியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டியது நிரூபன். தோளெல்லாம் பனி. பின்னால் செலீன், கால்மிதிக்கு வெளியே, கையில் ஒரு பெட்டி. பாம்புக்குக் குளிரக் கூடாதென்று போர்வையும் சுடுதண்ணிப் பைகளும் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"மிருக வைத்தியரிட்டைக் கொண்டுபோறன் அம்மா. இவ்வளவு நாள் சாப்பிடாட்டில் வருத்தம்தான். ஞாயிறிலும் திறக்கிற இடத்தைச் செலீன்தான் தேடிப்பிடிச்சவள்."

"பொன்ஜூர், மதாம்" என்றாள் செலீன், வாசலுக்கு வெளியே நின்றபடியே.

அக்கா அவளைப் பார்த்தார். அந்தப் பெட்டியைப் பார்த்தார். வாய் திறந்தது. இந்தா, உள்ளே வரச் சொல்லப்போகிறார் என்று நான் மூச்சை அடக்கினேன். அதற்குள் நிரூபன் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பாம்புக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்துவிட்டான்.

"தொடாதை! அது நேற்றுத்தான் திண்டது!"

அவன் கையை எடுத்தான். பாம்பின் நடுவில் எலி வீங்கித் தெரிந்தது.

"எப்ப தொடக்கம் சாப்பிடுது?"

"தையிலையிருந்து, ராசா."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். மூடியை மெல்ல வைத்தான். "நல்லாப் பாத்திருக்கிறியள். நீங்களே வைச்சிருங்கோ. இதுதான் மேல் எண்டு சொன்னனீங்கள்தானே" என்றான். செலீன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே படியிறங்கினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னக்கா நீங்கள்! அந்தப் பிள்ளையை உள்ளை வா எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் வாய் திறந்தனான், இமெல்டா" என்றார். "பாம்பு முந்திப்போட்டுது."

அதற்குப் பிறகு அவர் எடுத்தாலும் நிரூபன் போன் தூக்குவதில்லை. பெட்டை சாப்பிடேல்லை என்று சொன்னால் இனி அவன் நம்பவும் மாட்டான். உண்மையாகவே சாப்பிடாமல் விட்டால், என் போனிலிருந்து என்னைச் சாட்சிக்குப் பேசவிட்டு அவனைக் கூப்பிடலாம் என்று அக்கா அடுத்த மாரிக்காகக் காத்திருந்தார். சனிக்கிழமைகளில் எலியைச் சுடுதண்ணியில் இளக்கி உள்ளே வைத்துவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் குந்தியிருப்பார்.

அந்த மாரி முழுக்கப் பெட்டை ஒரு எலியையும் விடவில்லை.