தூங்காதவள் நேர்ந்துகொண்ட கண்விழிப்பு

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறி இரண்டு வருடம் ஆகியிருக்கும். பாகூரில் எங்கள் தெரு மாரியம்மனுக்கு வெள்ளிக்கிழமைதோறும் மாலை கட்டிக் கொடுப்பது, நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் என் வேலை. அந்தச் சித்திரையில் எனக்குத் தூக்கம் கெட்டது. ஏன் கெட்டதென்று இன்றுவரை தெரியாது. பத்து நாளில் கண் சிவந்து, மணல் விழுந்தாற்போல் உறுத்தியது. உறுத்தலில் தூக்கம் போயிற்று. தூக்கம் போனதில் உறுத்தல் கூடிற்று. நார் இரண்டாகத் தெரிந்தது. முடிச்சு நழுவி மாலையிலிருந்து பூ உதிர்ந்தது. இனி மாலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்களோ என்றுதான் எனக்குப் பயம். கண் போய்விடுமோ என்பதைவிட அந்தப் பயம் பெரிது.

பயத்தில் புத்தி கெட்டு வேண்டிக்கொண்டேன். "ஆத்தா, உனக்கு வெள்ளியில கண்மலர் சாத்துறேன். அஞ்சு வெள்ளிக்கெழம உன் வாசல்ல விடிய விடிய முழிச்சிருக்கேன்."

தூக்கமில்லாமல் தவிப்பவள், தூங்க மாட்டேன் என்று நேர்ந்துகொண்டேன்! இரண்டு வாரம் விழித்ததில் இமை வீங்கியதுதான் மிச்சம். என் வீட்டுக்காரர் பாண்டி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். டாக்டர் இமையைப் புரட்டிப் பார்த்தார். "பெரிய வியாதி ஒண்ணும் இல்லம்மா. தூக்கமில்லாம கண்ணு காஞ்சு கெடக்குது. நல்லா தூங்கு, அதான் மருந்து" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் வீட்டுக்காரர் ஓயவில்லை. "இன்னாடி வேண்டுதல் இது? காலு ஒடிஞ்சவ ஓடிக் காட்டுறேன்னு நேந்துக்குவாளா?"

மூன்றாம் வெள்ளிக்கிழமை கோயில் தூணில் சாய்ந்ததும், எத்தனையோ நாளுக்குப் பிறகு, தானாகத் தூக்கம் வந்தது. முகத்தில் சில்லென்று தண்ணீர் விழுந்தது.

"எழுந்திரு அக்கா! வேண்டுதலு கெட்டுப்பூடும்!"

எனக்குத் துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி. நல்ல மனசுதான். அந்த நல்ல மனசைக் குளத்தில் தள்ளலாம் போலிருந்தது. நான் கண்ணயர்ந்தபோதெல்லாம் சொம்போடு வந்தாள்.

விடிந்ததும் பூசாரியிடம் அழுதேன். "ஆத்தாவா உன்ன முழிக்கச் சொன்னா? நீயாதான சொன்ன" என்றவர், பூ கட்டிப் பார்த்துவிடலாம் என்றார். வெள்ளைப் பூ வந்தால் கண்விழிப்பை விட்டுவிடலாம்; சிவப்பு வந்தால் விழித்தே தீரவேண்டும். பூவை மடித்து அம்மன் காலடியில் இரண்டு பொட்டலம் போட்டார். ஒன்றை எடுத்துப் பிரித்தேன். வெள்ளை.

வீட்டுக்கு வந்து பாயை விரித்தேன். அதற்குள் சேதி தெரு முழுக்கப் போய்விட்டது.

"தூங்கிட்டியா அக்கா?" வாசலில் ஒருத்தி.

சற்றுப் பொறுத்து இன்னொருத்தி. "தூக்கம் வந்துச்சா?"

மூன்றாவதாக, சொம்போடு நின்றவளே வந்து தோளை உலுக்கினாள். "அதான் ஆத்தா உத்தரவு குடுத்துட்டாளே, இன்னும் ஏங்க்கா தூங்கல?"

"போடி உன் வூட்டுக்கு!" என்று கத்தி அவளை வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்டேன். படுத்ததுதான் தெரியும். விளக்கு வைக்கும் நேரத்தில், வீட்டுக்காரர் கதவைத் தட்டித் தட்டித் தெருவே கூடிய பிறகுதான் எழுந்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கண்மலரோடு மாலையையும் நானே கொண்டுபோனேன். பூசாரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாலையை உதறினார். ஒரு பூகூட உதிரவில்லை.