பூட்டிய வீடுகளுக்குத் தண்ணீர் இல்லை

காலை ஆறேகால் மணிக்குச் சித்தூரில் பஸ் ஏறினேன். திருப்பதி எழுபது கிலோமீட்டர். டிக்கெட் எண்பது ரூபாய். நான் வேலை செய்யும் தொண்டு நிறுவனமும் அரசும் சேர்ந்து ஊர் ஊராகக் குடிநீர்க் கணக்கு எடுத்திருந்தன. அதில் ஒரு திருத்தம் கேட்கத்தான் இந்தப் பயணம்.

புத்தலப்பட்டில் ஏறிய, முன்பே பழக்கமான கன்னியம்மா அக்கா என் முன் சீட்டில் உட்கார்ந்தார். திருப்பதி லாட்ஜ் ஒன்றில் அறை துடைக்கும் வேலை. அவருடைய காலனியில் முக்கால்வாசிப் பேர் விடிந்ததும் வெளியூர் வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள். எங்கள் ஆட்கள் கணக்கெடுக்கப் போனது பகல் பதினொரு மணிக்கு. பூட்டிய வீட்டை 'ஆளில்லை' என்று பதிய வேண்டும் என்பது விதி. காலனியே காலியான இடமாகிவிட்டது. தண்ணீர் லாரியும் நின்றுவிட்டது.

"பூட்டு போட்டா செத்துட்டோம்னு அர்த்தமா தம்பி? ஓட்டு கேக்கறவனுக்கு மட்டும் நாங்க எப்ப வூட்ல இருப்போம்னு தெரியுதே!"

கண்டக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இன்னிக்குப் பேசிடறேன்க்கா."

"பேசு. நீ படிச்சவன், சொன்னா கேப்பாங்க."

என் நைனாவும் இதையேதான் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் எந்த ஆபீசிலும் வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை.

பத்தரை மணிக்குத் திருப்பதி அரசு அலுவலகத்தில் கூட்டம். சுவர்த்திரையில் மண்டல வரைபடம் முழுக்கப் பச்சை, அதாவது எல்லா வீட்டுக்கும் தண்ணீர் கிடைக்கிறது. போனில் இருந்த படத்தைக் காட்டினேன்: பூட்டிய கதவுகள், ஒவ்வொன்றின் முன்னும் குடம். வேலைக்குப் போகிறவர்கள் குடத்தை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். லாரி வந்தால் ஊரில் இருக்கிறவர்கள் பிடித்து வைப்பார்கள்.

"ஆளில்லாத வீட்டுக்குக் குடம் எதுக்கு சார்?"

அதிகாரி நிதானமாகப் பார்த்தார். "நிஜமே பாபு" என்று தெலுங்கில் ஒத்துக்கொண்டு, தமிழுக்கு மாறினார். "ஆனா டேட்டா குடுத்தது உங்க ஆளுங்கதானே? ரெண்டு பக்கமும் கையெழுத்து போட்டு மேல போயிடுச்சு. அடுத்த சர்வேல பாக்கலாம்."

"அது எப்ப சார்?"

"ஆர்டர் வரணும்."

பக்கத்தில் இருந்த எங்கள் நிறுவன இயக்குநர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். உட்கார்ந்தேன். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வந்தது.

மாலை ஐந்தரை பஸ்ஸில் கன்னியம்மா அக்கா இரண்டு பைகளோடு ஏறினார். லாட்ஜில் தங்கியவர்கள் விட்டுப்போன பாட்டில்கள், எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பியிருந்தார்.

"இன்னா, கேக்கலையா?"

"அடுத்த சர்வேல பாக்கலாம்னாங்கக்கா."

"எந்த நாள்னு முன்னாடியே சொல்லிடு. லீவு போட்டுட்டு வாசல்ல குந்திக்கினு இருக்கறோம்."

புத்தலப்பட்டு வரும்வரை ஒரு பையை என் மடியில் வைத்திருந்தேன். அவர் இறங்கிய பிறகும் முழங்கால் ஈரமாகவே இருந்தது. சித்தூரில் எங்கள் வீட்டுக்கும் பகலில் பூட்டுதான். எங்கள் தெருவுக்கு எத்தனை மணிக்குக் கணக்கெடுக்க ஆள் வந்தது என்று நான் இதுவரை கேட்டதில்லை.