ஓக் மரத்தின் மேல் ஏழு பூச்சு

பிப்ரவரி மூன்றாம் வாரம், அஹுன்ட்சிக் என்ற பகுதியில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டுக்கு வேலையாள் ஒருவர் வந்தார். ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் பாணி வீடு. செய்தவரின் கைக்கு மரியாதை தரும் பாணி என்று படித்திருந்தேன். ஆனால் கதவுச் சட்டங்களின் ஓக் மரத்தை யாரோ அடுக்கடுக்காகப் பெயின்ட் பூசி மறைத்திருந்தார்கள். அதைச் சுரண்டி எடுப்பது அவர் வேலை. ஒல்லியான யாழ்ப்பாணத்துக்காரர், புருவமெல்லாம் வெள்ளைத் தூள். ஒவ்வொரு முறை சுரண்டியதும் வாயால் ஊதிவிட்டு, அடியில் தெரியும் நிறத்தைச் சொல்வார். நான் தேதியோடு குறித்துக்கொள்வேன்.

நான்காம் நாள், கடையில் வாங்கிய பரிசோதனைக் குச்சியைச் சட்டத்தில் தேய்த்தேன். சிவந்தது. பெயின்டில் ஈயம் இருந்தது.

"மாஸ்க் போடுங்க சார், இது விஷம்" என்றேன்.

"போட்டா கண்ணாடி மங்குது அண்ணை. இருபது வருசமா ஊதுறன், இன்னும் சாகேல்லை" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல், "நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டுறன். சொல்லுங்கோ" என்றார்.

பச்சைப் பூச்சுக்கு அடியில் மரம் தெரியத் தொடங்கியிருந்தது.

"பார்த்துச் செய்யுங்க" என்றேன்.

அவர் மீண்டும் சுரண்டினார். பிறகு குனிந்து ஊதினார்.

ஏழு பூச்சுகளின் நிறமும் நாளும் என் குறிப்பேட்டில் இருக்கின்றன. மரம் இப்போது தேன் நிறத்தில் மின்னுகிறது. வருகிறவர்கள் அதைத் தடவிப் பார்க்கும்போது நான் வேறு அறைக்குப் போய்விடுகிறேன்.