மூட்டைக்குள் வெந்த முருங்கை இலை

எங்கள் கம்பெனியில் முருங்கை இலைதான் சரக்கு. கன்னிவாடிப் பக்கத்துத் தோட்டங்களில் ஒடித்த கொப்புகள் மதியத்துக்குள் வேனில் வந்து இறங்கும். அவற்றை அலசி, தண்ணீர் வடித்து, காம்பிலிருந்து இலையை உருவி, வலைத்தட்டில் பரப்பி, சூடான காற்று வீசும் அறைக்குள் ஏற்றுவோம். காய்ந்த இலையை அரைத்து வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புவார்கள். பொடி பச்சைப்பசேல் என்று இருக்க வேண்டும். கொஞ்சம் மங்கினாலும் வாங்குகிறவன் வேண்டாம் என்று சொல்லிவிடுவான்.

உருவுகிற பெண்களுக்கு நான்தான் மேஸ்திரி. எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ் போர்டு படிப்பேன், அதற்கு மேல் எழுத்தோடு எனக்குப் பெரிய பழக்கம் இல்லை. ஆனால் அந்த ஷெட்டில் என் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

கம்பெனியைத் தொடங்கிய பெரியவருக்கு ஒரே மகள். படித்து முடித்து வந்து அவள்தான் நிர்வாகம் பார்க்கத் தொடங்கினாள். நாங்கள் பாப்பா என்போம். வந்த கையோடு அவள் ஒரு புது ஏற்பாடு செய்தாள். திங்கட்கிழமை டீ நேரத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும், அவளும் எங்களோடு தரையில் உட்காருவாள்.

"என்ன செஞ்சா வேலை நல்லாருக்கும்னு தோணுதோ, சொல்லுங்க. செஞ்சு பார்த்துரலாம். கெட்டுப்போனாலும் சொன்னவங்க மேல குத்தமில்லீங்க" என்றாள்.

யாரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் பழக்கம் அப்படி. வேலையில் குறை இருக்கிறது என்றால் முதலாளியைக் குறை சொன்னதாகிவிடும். இதைவிட நல்ல வழி இருக்கிறது என்றால் பக்கத்தில் இருப்பவளைச் சோம்பேறி என்றதாகிவிடும். வாராவாரம் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனோம். ஒரு தடவை ஒருத்தி மட்டும், "பிஸ்கட்டு நல்லாருக்கு பாப்பா" என்றாள். அன்றைக்கு அதுதான் யோசனை.

பிறகு ஒரு திங்கட்கிழமை, புதிதாகச் சேர்ந்த ஒருத்தி பேசினாள். நாற்பது வயதிருக்கும். வாய்த்துடுக்கு. புருஷன் கீழே விழுந்து இடுப்பு ஒடிந்து வீட்டோடு கிடந்தான். அந்த வீட்டில் உலை கொதிப்பது இவள் வேலையை நம்பித்தான்.

"எதுக்கு பாப்பா விரலு நோக நோக உருவணும்? வீட்டுல கீரையைத் துண்டுல சுத்தி வச்சா விடியங்காட்டியும் தானா உதிர்ந்துருதுல்ல? இங்கயும் அப்படியே கட்டி வைப்போம்."

"உன் வீட்டுல ஒரு கைப்பிடி. இங்க வேனு வேனா வருது. அதுக்குத் துண்டை எங்கிட்டுப் போயி வாங்க?" என்றாள் ஒருத்தி.

"உன் புருசன் வேட்டியைக் கொடு. அம்புட்டு இலையும் அதுல அடங்கிரும்."

ஷெட்டே சிரித்தது. "தானா உதிர்ந்தா அப்புறம் நம்ம கை எதுக்குடி?" என்று இன்னொருத்தி முணுமுணுத்தாள். பொறுக்கிச் சுத்தம் பண்ணவே ஆள் போதவில்லை, ஒருத்தரையும் நிறுத்த மாட்டேன் என்று பாப்பா வாக்குக் கொடுத்தாள். அன்றைக்கு வந்த இலையில் பாதியை அப்படிச் செய்து பார்ப்பது என்று முடிவானது.

நாங்கள் எல்லோரும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி மூட்டை கட்டிப் பழகியவர்கள். மூட்டை என்றால் எங்கள் கைக்கு அடுக்கத்தான் தெரியும். சாயங்காலம் இலைக் கொப்புகளைச் சாக்கில் அமுக்கிக் கட்டி, சுவரை ஒட்டி மூட்டை மேல் மூட்டையாக ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

காலையில் முதல் சாக்கை அவிழ்த்தபோது முகத்தில் ஆவி அடித்தது. இலை உதிர்ந்துதான் இருந்தது. ஆனால் மஞ்சளும் கறுப்புமாக, வெந்த கீரையாட்டம். அடியில் இருந்த மூட்டையில் கையை வைக்க முடியவில்லை. அப்படி ஒரு சூடு. யோசனை சொன்னவள் ஒவ்வொரு சாக்காக அவிழ்த்துக்கொண்டே போனாள்.

அந்த நேரம் பார்த்துப் பெரியவர் உள்ளே வந்தார். ஒரு பிடி இலையை எடுத்து முகர்ந்தார்.

"மேஸ்திரியம்மா, யாரு சொன்ன யோசனைங்க இது?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"சொன்னது யாருன்னு கேக்காதீகய்யா. கட்டுனதும் அடுக்குனதும் நாங்க எல்லாரும்தேன்."

"நான் கேட்டது அதில்லைங்க. அந்த ஆளுக்குக் கணக்கை முடிச்சு அனுப்போணும்."

நான் குனிந்து அடுத்த சாக்கை அவிழ்க்கத் தொடங்கினேன். என்னிடமிருந்து பெயர் வராது என்று அவருக்குத் தெரியும். அவர் முகம் சிவந்தது. சாக்குக்குப் பின்னால் இருந்து அவளே எழுந்தாள்.

"நான்தேய்யா சொன்னேன்."

அவள் கையில் அந்த வெந்த இலை ஒட்டிக்கொண்டு இருந்தது. பாப்பா அலுவலக அறையிலிருந்து வேகமாக வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"அப்பா, கெட்டாலும் குத்தமில்லைன்னு இத்தனை பேரு முன்னால சொன்னவ நானு. இவங்களை அனுப்பிட்டா இனி இந்த ஷெட்டுல ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க. என்கிட்ட 'சரிங்க பாப்பா'ன்னு மட்டும்தான் சொல்லுவாங்க."

"சரக்குக் கெட்டுப்போச்சே கண்ணு?"

"கெட்டுத்தானுங்கப்பா போச்சு."

பெரியவர் கையிலிருந்த இலையைக் கீழே போட்டுவிட்டு அறைக்குள் போய் உட்கார்ந்தார். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. யோசனை சொன்னவள் தன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்து வாசல் பக்கமாக வைத்துக்கொண்டு வேலை செய்தாள். எப்போது கூப்பிட்டு அனுப்புவாரோ என்று அறைக் கதவு அசையும் போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்கு ஒருத்தியும் கேலி பேசவில்லை.

மதியம் வேன் வந்தது. இலை இறங்கியது.

"இன்னைக்கும் கொஞ்சம் வெச்சுப் பார்க்கலாமுங்களா?" என்று பாப்பா அவளிடம் கேட்டாள்.

"வேண்டாம் பாப்பா. பேசுனது போதும். என்னைய விட்ருங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏண்டி, எம்புட்டு வாயி உனக்கு! மேஸ்திரின்னு பாக்காம என்கிட்டயே மல்லுக்கு நிப்ப. இப்ப என்னத்துக்குப் பம்முற? உதிர்ந்துச்சா இல்லையா?"

"உதிர்ந்துச்சு அத்தே. அமுக்குனதுலதேன் சூடேறிப்போச்சு."

"அதை என்கிட்ட ஏன் சொல்ற? பாப்பாகிட்டச் சொல்லு."

அவள் பாப்பா பக்கம் திரும்பினாள். பிறகு வலைத்தட்டு ஒன்றை இழுத்துப் போட்டாள். "சாக்கு வேண்டாம் பாப்பா. இதுல மெல்லிசாப் பரப்பி, மேல நூல்துணி போத்துவோம். ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தக் கூடாது." கொப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். நாங்களும் ஆளுக்கு ஒரு தட்டை இழுத்தோம்.

அறைக் கதவு திறந்தது. பெரியவர் வெளியே வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார். அவள் கை அப்படியே நின்றுவிட்டது. யாரும் திரும்பவில்லை.

அவர் தட்டுகளைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த துணியைப் பார்த்தார்.

"துணி பத்துமாம்மா?" என்று அவளைக் கேட்டார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை, பாப்பாவையும் பார்க்கவில்லை.

"பத்தாதுங்கய்யா" என்றாள். ஷெட்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.