வேப்பந்தூளும் வெள்ளைப் பீஸும்

கொல்லையில் நின்ற வேப்பமரத்தைச் சாக்கடைக் குழாய் பதிப்பதற்காக வெட்ட வேண்டியதாயிற்று. மர மில்லில் பலகையாக அறுத்து வாங்கி, நிழலில் காயவைத்தோம். அதில் ஒரு சாப்பாட்டு மேஜை செய்யலாம் என்றேன். பனியன் கம்பெனியில் நாளெல்லாம் துணி வெட்டும் கட்டிங் டேபிள் ஓரம் நின்றுவிட்டு வந்தால் தரையில் உட்கார எனக்கு முழங்கால் மடங்குவதில்லை. என் கணவர் நிட்டிங் மிஷின் ஃபிட்டர். அவருக்கு இடுப்பு வலி.

பலகைகள் மேடும் பள்ளமுமாக இருந்தன. கையால் தேய்க்க இருவருக்கும் தெம்பில்லை. மூடப்போகிற ஒரு மரப்பட்டறையிலிருந்து மரம் தேய்க்கும் பழைய ட்ரம் சாண்டர் மிஷினைக் கொண்டுவந்து வீட்டுப் பக்கவாட்டு ஷெட்டில் வைத்தோம். உப்புத்தாள் சுற்றிய உருளை மேலே சுழலும். பலகை அதன் அடியில் பெல்ட்டில் நகர்ந்து போகும். ஒரு பக்கம் நான் கொடுக்க, மறுபக்கம் அவர் வாங்க வேண்டும்.

முதல் பலகை வெளியே வந்ததும் தடவிப் பார்த்தேன்.

"ஏனுங்க, இந்த ஓரம் நல்லாத் தேஞ்சிருக்குது. அந்த ஓரத்துல உருளை தொடவே இல்லீங்க."

"பலகை கோணலா இருக்கும் புள்ள."

"பலகை இல்லீங்க. உருளைதான் சாஞ்சிருக்குது."

அவர் வாரம் முழுக்க நிட்டிங் மில்லில் இதே மாதிரிப் பேச்சைக் கேட்டுவிட்டு வருகிறவர். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரே உயரமுள்ள இரண்டு கட்டைகளை உருளையின் இரு முனைக்கும் அடியில் வைத்து, மெல்ல இறக்கினார். ஒரு முனை கட்டையில் உட்கார்ந்துவிட்டது. மறுமுனையில் தீக்குச்சி நுழையும் இடைவெளி. அந்தப் பக்கத்துப் போல்ட்டைத் தளர்த்த மிஷினுக்கு அடியில் மல்லாந்து படுத்தார். ஸ்பானர் சத்தம் நின்ற பிறகும் எழுந்து வரவில்லை.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல. படுத்தா சொகமா இருக்குது. சித்த நேரம் உடு."

நான் வாளியைக் கவிழ்த்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று முழுக்க எனக்குக் கிடைத்த நல்ல நேரம் அதுதான்.

பிறகு மிஷின் ஒழுங்காக ஓடியது. ஒரே ஓட்டத்தில் நிறையத் தேய்த்துவிட ஆசைப்பட்டு உருளையை அதிகம் இறக்கியதில் பலகை பாதியில் சிக்கிக் கருகல் வாடை அடித்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகவே இறக்கினோம். வேப்பந்தூள் தொண்டையில் கசந்தது.

மூன்றாவது பலகை போய்க்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுப் பெண் வந்து நின்றாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். தைத்த பனியன்களை வாங்கி வந்து வீட்டிலேயே பிசிர் நூல் வெட்டிக் கொடுக்கிறவள். கையில் ஒரு குழந்தைப் பனியன்.

"அக்கா, இதக் கொஞ்சம் பாருங்க. வெள்ளைப் பீஸு பூரா மஞ்சளாக் கெடக்கு. காலைல குடுக்கணும்லா."

மிஷினின் தூசிக் குழாய் முனையில் நான் கட்டியிருந்தது வேஸ்ட் பனியன் துணிப் பை. காற்று நிறைந்ததும் துணியின் பின்னல் கண்கள் விரிந்து, பொடித்தூள் அவ்வளவும் சுவருக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறது. நாளெல்லாம் அந்தத் துணியையே பிடிக்கிற எனக்கு இது தோன்றவே இல்லை.

அவள் திட்டவில்லை. திட்டவும் தெம்பில்லாதவள்போல நின்றாள். அதற்கு அவள் திட்டியே இருக்கலாம் என்றிருந்தது எனக்கு.

மிஷினை நிறுத்திவிட்டு மூவரும் அவள் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு பீஸாக உதறி, மெல்லிய பிரஷ்ஷால் தட்டினோம். தண்ணீர் பட்டால் கறையாகிவிடும். என் கணவர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தே மடித்தார். முடிகிறபோது பொழுது இறங்கிவிட்டது.

"வாற ஞாயித்துக்கெழம நாங்க சர்ச்சுக்குப் போயிருவோம். பீஸும் வீட்டுக்குள்ளதான் இருக்கும். அப்பம் ஓட்டிக்கோங்கக்கா," என்றாள்.

அந்த வாரம் கெட்டித் தலையணை உறை இரண்டைச் சேர்த்துத் தைத்துப் புதுப் பை கட்டினேன். உருளைக்குப் புது உப்புத்தாள் சுற்றி வைத்தார் அவர். ஞாயிறு காலையில் காபி குடித்துவிட்டுச் சற்றுச் சாய்ந்தோம். கண் விழித்தபோது வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அவர்கள் சர்ச்சிலிருந்து திரும்பிவிட்டார்கள்.

"என்னக்கா, முடிஞ்சிற்றா?" என்று சுவருக்கு மேலே எட்டிக் கேட்டாள்.

என் கணவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "இல்லீங்க, தூங்கிப் போட்டமுங்க," என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். "நல்லதுதான். நானும் போயிப் படுக்கேன்," என்று உள்ளே போனாள்.